கப்பல் கப்பலாகச் சாமிமார்

அந்த வருஷம் இங்கிலாந்துச் சிம்மாசனத்துக்கு மூன்று பேர் அடித்துக்கொண்டார்கள். அதில் உட்கார்ந்திருந்தவர் எங்கள் ராஜா. வடக்கே நார்வேக்காரன் ஒருத்தன் அது என்னுடையது என்றான். தெற்கே, கடலுக்கு அந்தப் பக்கம், நார்மண்டிக்காரன் ஒருத்தன் இல்லை என்னுடையது என்றான். ஒரு நாற்காலிக்கு மூன்று பிட்டம். இதில் உனக்கென்னடி வந்தது என்று கேட்காதீர்கள். பெவன்சிக் கரையிலிருந்து சதுப்பைத் தாண்டினால் வருகிற முதல் மேடு எங்களுடையது. மொத்தம் ஒன்பது வீடு. நார்மண்டிக்காரன் கப்பலை விட்டு இறங்கினால் எங்கள் தலையில்தான் முதலில் காலை வைப்பான்.

அதனால் மே மாதத்திலிருந்து எங்கள் ஆண்பிள்ளைகள் எல்லாரும் கரையில் உட்கார்ந்து கடலைப் பார்த்தார்கள். பார்த்தார்கள், பார்த்தார்கள், கண் பூத்துப்போகிற வரைக்கும் பார்த்தார்கள். களை எடுத்தது யார், வைக்கோல் அறுத்தது யார்? நாங்கள்தான். செப்டம்பரில் மாதா பிறந்த திருநாள் அன்று படைக்கு வைத்திருந்த மாவு தீர்ந்துபோனது. "வீட்டுக்குப் போய் அறுப்பை முடிங்க" என்று மேலேயிருந்து உத்தரவு வந்தது. இவர்கள் வந்து அரிவாளைக் கையில் எடுக்கவும், வடக்கே நார்வேக்காரன் இறங்கிவிட்டான் என்று செய்தி வரவும் சரியாக இருந்தது. எங்கள் பிரபு இருக்கிற வாட்டசாட்டமான ஆட்களை எல்லாம் திரட்டிக்கொண்டு வடக்கே ஓடினார். படைக்கு ஆசீர்வாதம் கொடுக்க எங்கள் கோயில் பங்குச்சாமியைக் கூட்டிக்கொண்டு போனார். பங்குச்சாமி ஊரில் இருந்த ஒரே குதிரையைக் கூட்டிக்கொண்டு போனார்.

போகும்போது சாமி குதிரை மேலிருந்தே ஒரு பிரசங்கம் வைத்தார்.

"நான் திரும்பி வர்ற வரைக்கும் யாரும் பிள்ளை பெறாதீங்க, கல்யாணம் பண்ணாதீங்க, சாகாதீங்க. நவம்பர் பிறக்கறதுக்குள்ள வந்துருவேன்."

ஊரே சரி என்று தலையாட்டியது. ஒரே ஒருத்தருக்குத்தான் அது ஒத்துவரவில்லை. என் வீட்டுக்காரர் டுட்டாவுக்கு.

நாலு மாதம் ஈர மணலில் உட்கார்ந்ததில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டது. கால் இரண்டும் வீங்கிப் போய், மூச்சு கொல்லன் துருத்தி மாதிரி இழுத்தது. செத்துப்போகிறேன், செத்துப்போகிறேன் என்று மூன்று வாரமாகச் சொல்கிறார். ஆனால் சாக மாட்டேன் என்கிறார். ஏனென்றால் மனசில் ஒரு பாவம் கிடக்கிறதாம். அதைச் சாமியிடம் வாய்விட்டுச் சொல்லி, பாவசங்கீர்த்தனம் செய்யாமல் கண்ணை மூடினால் நேரே நரகம்தானாம்.

"என்கிட்டச் சொல்லுய்யா, சாமி வந்ததும் நான் சொல்லிடறேன்" என்றேன்.

"உன்கிட்டச் சொல்றதுக்கு நான் நரகத்துக்கே போயிடலாம்டி."

எனக்குத் தெரியாதா? பெவன்சி உப்பளத்தில் ஒரு விதவை இருக்கிறாள். இவர்கள் கரையில் காவல் இருந்தபோது தினமும் அந்த வழியாகப் போவாள், சிரித்துக்கொண்டு. ஆறு வாரமாக நான் அவளைக் கரித்துக் கொட்டிக்கொண்டிருந்தேன். ஆனாலும் டுட்டாவின் கண்ணில் இருந்த பயத்தைப் பார்த்தால் என் கோபத்தில் பாதி கரைந்துவிடும். அவர் பயந்த மனுஷன் கிடையாது. காளை முட்ட வந்தால்கூட அதைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுத் தடவிக் கொடுப்பார். அப்படிப்பட்டவர் கூரையைப் பார்த்துக்கொண்டு, "சாமி வந்துருவாருல்ல?" என்று குழந்தை மாதிரிக் கேட்பார். வந்துருவார், வந்துருவார் என்பேன். மீதிப் பாதிக் கோபத்தில் கஞ்சிச் சட்டியை ணங்கென்று வைப்பேன்.

செப்டம்பர் கடைசியில், மிக்கேல் சம்மனசு திருநாள் காலையில் மணியக்காரர் டில்லா ஓடி வந்தார். கால்வாயில் விலாங்குக்குப் போட்ட கூட்டைப் பார்க்கப் போனவர். கூடும் இல்லை, மீனும் இல்லை, இடுப்பு வரைக்கும் சேறு மட்டும் இருந்தது.

"சாமிமார் வந்திருக்காங்க! கரை முழுக்க! கப்பல் கப்பலா!"

ஊர் கூடிவிட்டது. டில்லா மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். நேற்றே வந்து இறங்கியிருப்பார்கள் போலிருக்கிறது. நூற்றுக்கணக்கில் கப்பல், ஆயிரக்கணக்கில் ஆள். ஒருத்தனுக்கும் மீசை இல்லை. பிடரியிலிருந்து உச்சி வரைக்கும் மழமழவென்று மழித்திருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்தில் மீசை இல்லாத ஆம்பளை என்றால் ஒன்று பால்குடிப் பிள்ளை, இல்லாவிட்டால் சாமியார். மூன்றாவது வகை கிடையாது. ஆனாலும் அடுத்த வீட்டு பேகாவுக்கு ஒரு சந்தேகம்.

"நார்மண்டிக்காரனா இருந்தா?"

"நாலு மாசம் கடலையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தவன் நான். நார்மண்டிக்காரன் வந்தா எனக்குத் தெரியாதா?"

"நீங்க நார்மண்டிக்காரனை இதுக்கு முன்ன பார்த்திருக்கீங்களா?"

"பார்த்ததில்ல. பார்த்ததே இல்லாதவன் எப்படி இருப்பான்னு நீ சொல்ல வந்துட்டியா?"

"நம்ம சாமி உச்சியிலதான மழிச்சிருப்பாரு? இவங்க பிடரியிலன்றீங்களே."

"ஊருக்கு ஊர் நாவிதன் வேற. கொடியில சிலுவை போட்டிருக்கு, நானே பார்த்தேன். இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும் உனக்கு? நம்ம சாமி ஒரு குதிரைய ஓட்டிட்டுப் போனாருன்னு ரோமாபுரிக்குச் சேதி போயிருக்கு. அவங்க ஆயிரம் குதிரைய அனுப்பியிருக்காங்க."

எனக்கு ரோமாபுரியும் வேண்டாம், குதிரையும் வேண்டாம். அத்தனை ஆயிரத்தில் எனக்கு ஒரே ஒரு சாமி போதும். உள்ளே போய்க் கட்டிலில் கிடந்தவரின் முகத்தைத் துடைத்துவிட்டேன். "இன்னிக்கு உனக்கு விமோசனம்யா" என்றேன். அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. எனக்கும்தான். உப்பளத்துக்காரியின் பேரைக் கடைசியில் காதால் கேட்டுவிடலாம் என்று ஒரு பக்கம் நெஞ்சு குறுகுறுத்ததையும் மறைக்க மாட்டேன்.

மத்தியானம் சாமிமார் எட்டுப் பேர் எங்கள் மேட்டுக்கே வந்துவிட்டார்கள். ஒருத்தர் குதிரையில், மற்றவர்கள் நடந்து. வந்தவர்கள் வணக்கம் வாழ்த்து ஒன்றும் சொல்லவில்லை. நேரே தானியக் கொட்டகையைத் திறந்தார்கள். பன்றிகளை ஓட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

"கோயில் காணிக்கை வாங்க வந்திருக்காங்க" என்றார் டில்லா. பிறகு மணியக்காரர் என்ற பொறுப்பு நினைவுக்கு வந்து, குதிரைச் சாமி முன்னால் போய்க் குனிந்து நின்றார். "சாமி, கோயிலுக்கு மார்ட்டின் திருநாளுக்குத்தான் தானியம் அளக்கறது வழக்கம். இன்னும் ஆறு வாரம் கிடக்கு."

ஒருவன் அவரை நெஞ்சில் பிடித்துத் தள்ளினான். டில்லா சேற்றில் மல்லாந்து விழுந்தார். எழுந்து மீசையைத் துடைத்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பி, "ரொம்பக் கண்டிப்பான சபை. கேட்கறதைக் குடுத்துருங்க" என்றார்.

குடுத்தோம். வரிசையில் நின்று குடுத்தோம். ஆளுக்கொரு கோழியைத் தூக்கிக்கொண்டு வந்து, முழங்கால் போட்டு, நீட்டினோம். அவர்கள் எங்களைப் பார்த்தார்கள், ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். காலையில் வேறு இரண்டு ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்றும், அங்கே எல்லாரும் அலறிக்கொண்டு காட்டுக்குள் ஓடினார்கள் என்றும் எனக்குப் பிற்பாடுதான் தெரியும். இடுப்பில் வாள் தொங்குகிறதே என்று பேகா முணுமுணுத்தாள். பேதுரு அப்போஸ்தலரே வாள் வைத்திருந்தவர்தான், ஒருத்தன் காதை வெட்டவில்லையா என்று டில்லா அவள் வாயை அடைத்தார்.

அதற்கு மேல் பேகாவும் சந்தேகப்படவில்லை. அவள் மகள் கல்யாணமாகாமலே ஆறு மாதக் கர்ப்பம். மாப்பிள்ளைப் பையன் லுல்லா வைக்கோலுக்குள் ஒளிந்திருந்தான். அவனைக் காதைப் பிடித்து இழுத்து வந்து, இரண்டு பேர் கையையும் சேர்த்து வைத்து, குதிரைச் சாமியின் எதிரே நிறுத்தினாள். வழியை மறித்துக்கொண்டு நிற்கிறார்களே என்று குதிரைச் சாமி எரிச்சலோடு கையை இப்படியும் அப்படியும் வீசினார். பேகா "ஆமென்" என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். அந்தக் கல்யாணம் இன்று வரைக்கும் நிலைத்திருக்கிறது, நாலு பிள்ளைகள்.

நான் எனக்கான ஆளைத் தேர்ந்துகொண்டேன். இருப்பதில் வயதானவர், குண்டு, சிவந்த மூக்கு. என் வெள்ளைக் கோழியைத்தான் கக்கத்தில் இடுக்கியிருந்தார். சட்டையைப் பிடித்தேன். இரும்பு! வளையம் வளையமாக இரும்பில் பின்னிய சட்டை. முள்சட்டை போட்டுத் தவம் செய்கிற சாமியார்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். இரும்பிலேயே போட்டிருக்கிறார் என்றால் எப்பேர்ப்பட்ட புண்ணியவான் என்று எனக்குப் புல்லரித்தது.

"வாங்க சாமி. வீட்டுல ஆம்பளை சாகக் கிடக்கார். பீர் இருக்கு, புதுசா இறக்கினது."

என்ன புரிந்ததோ, நான் காட்டிய பீர்ச் சாடியைப் பார்த்ததும் பின்னாலேயே வந்துவிட்டார். முக்காலியைப் போட்டுக் கட்டிலண்டை உட்கார வைத்தேன். ஒரு குவளை கொடுத்தேன். அடுத்தவர் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்பது பெரிய பாவம். எனவே தட்டிக்கு அந்தப் பக்கம் போய், பீர்த் தொட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, காதைத் தட்டியோடு வைத்துக்கொண்டேன்.

டுட்டா ஆரம்பித்தார். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கியது.

"சாமி, நீங்க வெளியூரு, உங்களுக்குத் தெரியாது. மேட்டு உச்சியில ஒரு விறகுக் குவியல் இருக்கு. கடல்ல எதிரிக் கப்பல் தெரிஞ்சா அதைப் பத்த வைக்கணும். அதைப் பார்த்து அடுத்த குன்றுல பத்த வைப்பாங்க, அப்படியே லண்டன் வரைக்கும் சேதி போயிரும். அதைக் காக்குற பொறுப்ப என்கிட்டக் குடுத்தாங்க. சிலுவையைத் தொட்டுச் சத்தியம் பண்ணினேன்."

சாமி பீரை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"ஆகஸ்ட்டுல விடாத மழை. ஒரு நாள் வீட்டுக்கு வந்தா, என் பொஞ்சாதி காய்ச்சல்ல கிடக்கா. உதடெல்லாம் நீலம் பாரிச்சிருக்கு. வீட்டுல ஒரு சுள்ளிகூடக் காயல. ஊருலயே காஞ்ச விறகு அது ஒண்ணுதான், மேல கூரை வேய்ஞ்சு வச்சிருந்தோம்ல. ஒரு கட்டு எடுத்தேன் சாமி. மறுநாள் இன்னொரு கட்டு. அவ எந்திரிச்சு உட்கார்ந்து என்னை வையிற வரைக்கும் எடுத்தேன். பதினோரு நாள். இப்ப உள்ள ஒண்ணும் கிடையாது. சுத்தி முள்ளுச்செடிய வச்சு அடைச்சு வச்சிருக்கேன். பார்க்கத்தான் குவியல்."

அந்தப் பதினோரு நாள் எனக்கு நினைவிருந்தது. இவ்வளவு நல்ல விறகு ஏதுய்யா என்று கேட்டதற்கு, கடலில் ஒதுங்கிய கட்டை என்றார். கடலில் ஒதுங்கிய கட்டை அப்படியா காய்ந்து சடசடவென்று எரியும்? அதைக்கூட யோசிக்காமல், அடுப்பை அணைய விடாதே என்று அவரை விரட்டினேனே. உப்பளத்துக்காரி பாவம், அவளை என்னென்ன பேச்சுப் பேசிவிட்டேன். முக்காட்டுத் துணியை வாயில் திணித்துக்கொண்டேன்.

"அந்த நார்மண்டிக்காரன் வந்தா அது என்னாலதான் சாமி" என்றார் டுட்டா. "ராஜா, நாடு, இந்த ஊரு, பிள்ளைகுட்டி, எல்லாம் என் ஒருத்தனாலதான் போகும். இத்தனை பெரிய பாவத்துக்கு மன்னிப்பு உண்டா சாமி? இவளுக்கு மட்டும் தெரிய வேண்டாம். தன்னாலதான்னு நினைச்சுச் செத்துப்போவா."

அப்போதுதான் வெளியே அலறல் கேட்டது. சன்னலைத் தள்ளிப் பார்த்தேன். சாமிமாரில் ஒருத்தன் தீப்பந்தத்தை டில்லாவின் கூரையில் செருகிக்கொண்டிருந்தான். அடுத்தவன் பேகா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான்.

காணிக்கை வாங்குகிற சாமியைப் பார்த்திருக்கிறேன். அடித்து வாங்குகிற சாமியையும் பார்த்திருக்கிறேன். வாங்கிவிட்டுக் கூரையைக் கொளுத்துகிற சாமி எந்தச் சபையிலும் கிடையாது. கப்பல், குதிரை, வாள், இரும்புச் சட்டை எல்லாம் அந்த நிமிஷத்தில் என் மரமண்டையில் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து விழுந்தது. இவன்தான் அவன். நாலு மாதம் கண் பூக்கப் பார்த்தோமே, அவனேதான் என் வீட்டு முக்காலியில் உட்கார்ந்து என் பீரைக் குடித்துக்கொண்டிருக்கிறான். குவியல் நிறைய விறகு இருந்திருந்தாலும் யார் பற்ற வைத்திருப்போம்? நாங்கள்தான் கோழியைத் தூக்கிக்கொண்டு எதிரே போனோமே! இதைச் சொன்னால் டுட்டாவின் பாவம் பாதி குறையும். ஆனால் சொல்ல வேண்டுமென்றால் அவன் வந்துவிட்டான் என்பதையும் சொல்ல வேண்டும்.

தட்டியைச் சுற்றி ஓடினேன். குண்டன் எழுந்துவிட்டான். கோழியைத் திரும்ப இடுக்கிக்கொண்டான். டுட்டா இரண்டு கையையும் அவன் பக்கம் நீட்டி, "சாமி, மன்னிப்பு சாமி" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

நான் கதவை அடைத்துக்கொண்டு நின்றேன். கையில் பீர் கிண்டுகிற துடுப்பு.

"எங்கடா போற?" பல்லைக் கடித்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் சொன்னேன். "என் கோழி போகட்டும், பன்றி போகட்டும், கூரையும் போகட்டும். இந்த ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்லாம நீ இந்த வாசலைத் தாண்ட மாட்ட."

அவன் வாளின் பிடியில் கையை வைத்தான். நான் டுட்டாவைக் காட்டினேன். நெற்றியில் சிலுவை போட்டுக் காட்டினேன். கையெடுத்துக் கும்பிட்டேன். துடுப்பை மட்டும் கீழே போடவில்லை. அவன் என்னைப் பார்த்தான், கட்டிலைப் பார்த்தான். சாகிறவர்களை அவன் நிறையப் பார்த்திருப்பான் போலிருக்கிறது. முகத்தில் இருந்த எரிச்சல் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. கோழியைத் தரையில் விட்டான். தலையிலிருந்த இரும்புத் தொப்பியைக் கழற்றிவிட்டு, அந்தத் தொந்தியோடு, அந்த இரும்போடு, முழங்கால் போட்டான்.

அவனுக்குத் தெரிந்தது ஒரே ஒரு செபம்தான். பரமண்டலத்தில் இருக்கிற எங்கள் பிதாவே என்பதை லத்தீனில் சொன்னான், நடுநடுவே தடுமாறிக்கொண்டு. டுட்டாவுக்கும் லத்தீனில் தெரிந்தது அது ஒன்றுதான். எங்கள் பங்குச்சாமி அடித்து மனப்பாடம் பண்ண வைத்தது. இவரும் கூடவே சொன்னார். அவன் திணறிய இடத்தில் இவர் எடுத்துக் கொடுத்தார். முடிந்ததும் அவன் கட்டைவிரலால் இவர் நெற்றியில் சிலுவை போட்டான். சாகிறவருக்கு அவஸ்தை பூச எண்ணெய் இல்லை, விரலில் பீர் ஈரம்தான் இருந்தது.

டுட்டாவின் மூச்சு தணிந்தது. முகத்தில் மூன்று வாரமாக இருந்த அந்தப் பயம் வடிந்துபோனதை என் கண்ணால் பார்த்தேன்.

அதற்குள் எங்கள் கூரையும் பிடித்துக்கொண்டது. குண்டன் வெளியே பார்த்துத் தன் ஆட்களை என்னவோ திட்டினான். பிறகு டுட்டாவைத் தலைப்பக்கம் தூக்கினான், நான் கால்பக்கம். போர்வையோடு கொண்டுபோய் ஆப்பிள் மரத்தடியில் கிடத்தினோம். டுட்டா மயக்கத்தில் இருந்தார். குண்டன் ஓடிப் போய் என் கோழியைத் துரத்திப் பிடித்துக்கொண்டு, அவர்கள் கூட்டத்தோடு போய்விட்டான்.

டில்லா தலையில் அடித்துக்கொண்டு, என் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டு வந்தார். மீசையில் ஒரு பக்கம் பொசுங்கியிருந்தது.

"குவெனு! அவங்க சாமிமார் இல்ல! அவங்கதான் அந்த நார்..."

பாய்ந்து அவர் வாயைப் பொத்தினேன். அவர் திமிறினார். நான் விடவில்லை. காதோடு வாய் வைத்து, "தெரியும். இந்த மனுஷன் காதுல விழ வேண்டாம்" என்றேன். என்ன, ஏது என்று நான் சொல்லவில்லை.

டுட்டா கண்ணைத் திறக்காமலே கேட்டார். தன் கட்டிலிலேயே கிடப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்.

"டில்லாவா? கரைப்பக்கம் போனியே. கப்பல் ஏதும் வந்துச்சா?"

டில்லாவின் முதுகுக்குப் பின்னால் அவருடைய வீடு எரிந்துகொண்டிருந்தது. மூன்று வருஷம் பாடுபட்டுக் கட்டிய வீடு. உத்திரம் முறிந்து உள்ளே விழுந்தது. அவர் என்னைப் பார்த்தார். இந்த மணியக்காரரை நான் ஏசியிருக்கிறேன், கேலி பண்ணியிருக்கிறேன். கும்பிட்டதில்லை. அன்றைக்குக் கும்பிட்டேன்.

டில்லா டுட்டாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இல்லண்ணே. கடல் காலியாக் கிடக்கு. ஒரு தோணிகூட இல்ல."

"நல்லதாப் போச்சு" என்றார் டுட்டா. கொஞ்ச நேரம் கழித்து, "ஏண்டி, என்ன இப்படி அனலடிக்குது?" என்றார்.

"நான்தான்யா. உனக்குக் குளிருமேன்னு அடுப்புல நாலு கட்டை கூடப் போட்டேன்."

"போதும்டி. விறகை வீணாக்காத" என்றார்.

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. நானும் டில்லாவும் இரண்டு பக்கமும் உட்கார்ந்து, அவர் மூச்சு அடங்குகிற வரைக்கும் சத்தம் வராமல் அழுதோம்.